மூன்று முறை இடம் மாறிய தண்ணீர்த் தட்டு

எங்கள் தோட்டத்தில் பறவைகளுக்குத் தண்ணீர் வைக்க வேண்டும் என்ற எண்ணம் ஒரு காகத்தால் வந்தது. கோடை தொடங்கியிருந்த நேரம், உச்சி வெயில். முருங்கைக் கிளையில் அது அலகைப் பிளந்தபடி உட்கார்ந்திருந்தது. தொண்டை மட்டும் விடாமல் துடித்துக்கொண்டிருந்தது. ஏதோ நோய் என்றுதான் முதலில் நினைத்தேன். பறவைகளுக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. வெயில் ஏறினால் வாயைத் திறந்து இரைத்து, வாயிலும் தொண்டையிலும் இருக்கும் ஈரத்தை ஆவியாக்கித்தான் உடம்புச் சூட்டைக் குறைத்துக்கொள்கின்றன என்று அப்புறம் படித்துத் தெரிந்துகொண்டேன். அப்படிப் போகிற நீரை எங்கேயாவது குடித்து ஈடுகட்டியாக வேண்டும். எங்கள் தோட்டத்தில் குடிக்க ஒரு சொட்டுகூட இல்லை.

ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி வைத்தால் வேலை முடிந்தது என்று நினைத்து இறங்கினேன். சரியாக அமைய நாலு மாதம் ஆனது. எதை எங்கே வைத்தேன், ஏன் மாற்றினேன், மாற்றியதும் யார் யார் வந்தார்கள் என்று அன்றன்றே நோட்டில் குறித்து வந்தேன். அதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். அரிய பறவை எதுவும் இதில் வராது. காகம், மைனா, கொண்டைக்குருவி, தவிட்டுக்குருவி, புள்ளிப்புறா, தேன்சிட்டு என எல்லாமே வீட்டைச் சுற்றி எப்போதும் இருக்கிறவை.

முதல் இடம்: முற்றத்து நடுவில்

வீட்டில் சும்மா கிடந்த பீங்கான் பாத்திரம் ஒன்றை எடுத்தேன். உள்ளே வழவழப்பு, நாலு அங்குல ஆழம். விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி, திண்ணையிலிருந்து நன்றாகத் தெரிய வேண்டும் என்று முற்றத்தின் நட்டநடுவில் முக்காலி போட்டு வைத்தேன். ஒன்பது நாள் காகத்தைத் தவிர யாரும் வரவில்லை.

பத்தாம் நாள் நான் உள்ளே இருந்தபோது ஒரு கொண்டைக்குருவி வந்திருக்கிறது. அம்மா பார்த்திருக்கிறாள். "விளிம்புல உக்காந்து உள்ள எட்டிப் பாத்துச்சுடா. ஒரு காலை வச்சுச்சு, வழுக்கிச்சு, பறந்துடுச்சு. கிணத்துக்குள்ள எட்டிப் பாக்குற மாதிரி இருந்திருக்கும் அதுக்கு" என்றாள்.

அதற்குப் பிறகுதான் அந்தப் பாத்திரத்தைக் குருவியின் உயரத்தில் வைத்து யோசித்தேன். கொண்டைக்குருவிக்குக் கால் மூழ்கி வயிறு நனைந்தால் போதும். நாலு அங்குலத் தண்ணீர் அதற்குக் குளம். பீங்கானில் நகம் பிடிக்காது. சுற்றிலும் பத்தடிக்கு ஒரு குச்சிகூடக் கிடையாது. வந்து உட்கார்ந்து நோட்டம் பார்க்க இடமில்லாமல் நேரே தண்ணீரில் இறங்குகிற பறவையை நான் அதற்கப்புறம் ஒன்றிரண்டுதான் பார்த்திருக்கிறேன். அதோடு, மதியம் இரண்டு மணிக்கு விரலை விட்டுப் பார்த்தால் தண்ணீர் சுட்டது. நான் பார்ப்பதற்கு வசதியான இடமாகப் பார்த்து வைத்திருந்தேனே தவிர, அவை வருவதற்கு வசதியான இடமாக வைக்கவில்லை.

இரண்டாம் இடம்: செம்பருத்தி ஓரம்

பெரிய பூந்தொட்டிக்கு அடியில் வைக்கும் மண் தட்டு ஒன்று கிடைத்தது. குறுக்கே பதினாலு அங்குலம், ஆழம் இரண்டு அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு, உள்ளே சொரசொரப்பு. புது மண் தட்டு தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும் என்பதால் ஒரு முழு நாள் தொட்டியில் ஊறப்போட்டேன். ஊறிய பிறகும் கொஞ்சம் கசியத்தான் செய்யும். அது நல்லதுதான், கசிந்து ஆவியாகிற ஈரம் பானைத் தண்ணீர் போலத் தட்டையும் குளிர்ச்சியாக வைத்திருக்கும். ஒரு பக்கம் கூழாங்கற்களைப் பரப்பி, அங்கே அரை அங்குலமும் எதிர்ப்பக்கம் ஒன்றரை அங்குலமும் ஆழம் இருக்கும்படி சரிவாக்கினேன். எந்த உயரத்துப் பறவையும் தனக்குத் தோதான இடத்தில் நிற்கலாம்.

இந்த முறை செம்பருத்திச் செடியின் நிழலில், இரண்டு செங்கல் மேல் வைத்தேன். மூன்றாம் நாள் கொண்டைக்குருவி ஜோடியாக வந்தது. அடுத்த வாரத்துக்குள் மைனா, தவிட்டுக்குருவிக் கூட்டம், புள்ளிப்புறா எல்லாம் வந்துவிட்டன.

தண்ணீர் குடிப்பதிலேயே இத்தனை விதம் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. கொண்டைக்குருவி அலகால் ஒரு வாய் அள்ளி, தலையை வானத்துக்குத் தூக்கி, தொண்டைக்குள் வழிய விடும். மறுபடி குனியும், மறுபடி நிமிரும். மைனாவும் அப்படித்தான், காகமும் அப்படித்தான். புறா மட்டும் வேறு. அலகை நீருக்குள் வைத்து, தலையைத் தூக்காமல், மாடு குடிப்பது போல உறிஞ்சிக் குடிக்கும். கழுத்தில் அலை அலையாக விழுங்குவது தெரியும். இதைப் பார்ப்பதற்காகவே காலை ஏழு மணிக்குத் திண்ணையில் வந்து உட்கார ஆரம்பித்தேன்.

மூன்றாவது வாரம், ஒரு வெள்ளிக்கிழமை. ஒரு புள்ளிப்புறா குனிந்து குடித்துக்கொண்டிருந்தது. செம்பருத்திக்குள்ளிருந்து பூனை பாய்ந்தது. நான் கத்திக்கொண்டு எழுந்து ஓடுவதற்குள் முடிந்துவிட்டது. தட்டைச் சுற்றிச் சாம்பல் நிற இறகுகள் கிடந்தன. பிடரியின் கறுப்பு வெள்ளைப் புள்ளி இறகு ஒன்று தண்ணீரில் மிதந்தது.

பூனை மேல் எனக்குக் கோபமில்லை. அது பூனையின் இயல்பு. புறாவைக் கூப்பிட்டு அங்கே உட்கார வைத்தது நான். பறவைக்கு நிழலும் மறைவும் வேண்டும் என்று யோசித்தவன், அதே மறைவு பூனைக்கும் ஆகும் என்று யோசிக்கவில்லை. அன்று தட்டைக் கவிழ்த்து வைத்தேன். அடுத்த பத்து நாள் தண்ணீர் வைக்கவே மனம் வரவில்லை. கொண்டைக்குருவிகள் மட்டும் செங்கல்லில் வந்து உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போயின. அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவும் முடியவில்லை.

மூன்றாம் இடம்: கொய்யா மரத்தடி

இந்த முறை அவசரப்படவில்லை. இரண்டு நாள் தோட்டத்தைச் சுற்றி வந்து, தரையோடு தரையாகக் குனிந்து, ஒரு பூனை எங்கே பதுங்க முடியும் என்று பார்த்தேன். கொய்யா மரத்தின் கிழக்குப் பக்கம், சுற்றிலும் எட்டடி வெறும் தரை. மதிய வெயிலை மரம் மறைக்கும். பத்தடி தள்ளி எலுமிச்சை. பயந்து பறந்தால் பறவைகள் நேரே அந்த முள்ளுக்குள் போய்விடலாம். பூனைக்கு அது கஷ்டம்.

தாங்குவதற்கு நாலரை அடி நீளமுள்ள, நாலங்குல பிவிசி குழாய். ஒன்றரை அடி குழி எடுத்து, குழாயை நிறுத்தி, செங்கல் துண்டும் மண்ணும் போட்டு இறுகக் குத்தினேன். குழாய்க்குள்ளும் மணலை நிரப்பினேன், ஆடாமல் இருக்க. தரைக்கு மேல் மூன்றடி நிற்கிறது. மேல் முனையில் மூடி மாட்டி, அதன் மேல் வட்டமாக அறுத்த பிளைவுட் பலகையைத் திருகாணியால் இறுக்கினேன். ஈரத்தில் உப்பிவிடாமல் இருக்கப் பலகைக்கு இரண்டு கோட்டு பெயிண்ட். தட்டை ஒட்டவில்லை. தினமும் எடுத்துக் கழுவ வேண்டும் என்பதால், நகராமல் இருக்கச் சுற்றிலும் நாலு மரக்கட்டைத் துண்டுகளை மட்டும் அடித்தேன். வழுவழுப்பான குழாயில் பூனையால் ஏற முடியாது. தாவ நினைத்தாலும் எட்டடி வெட்டவெளியைத் தாண்டி வர வேண்டும். அதற்குள் யாராவது ஒருவர் பார்த்துக் கத்திவிடுவார்கள். பெரும்பாலும் தவிட்டுக்குருவி.

கடைசியாக ஒரு காய்ந்த கிளை. முருங்கையிலிருந்து ஒடிந்து விழுந்ததை எடுத்து, தட்டுக்கு இரண்டடி மேலே வரும்படி கொய்யாவில் கட்டினேன். மொத்த வேலையிலும் ஐந்து நிமிடம்கூட எடுக்காத வேலை இது. பலன் கொடுத்ததில் இதற்குத்தான் முதலிடம். வருகிற பறவை அனேகமாக முதலில் இந்தக் கிளையில் உட்கார்ந்து, தலையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பிப் பார்த்து, அப்புறம்தான் இறங்கும். குளித்த பிறகு உலர்த்திக்கொள்வதும் இதே கிளையில்தான்.

சொட்டு

தேங்கிய தண்ணீரைவிடச் சொட்டுகிற தண்ணீரைப் பறவைகள் சீக்கிரம் கண்டுகொள்ளும். சத்தம் கேட்கும், நீர்ப்பரப்பு அசைந்து மினுங்கும். அதற்காக இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலின் அடியில் ஊசியால் ஒரு துளை போட்டுக் கிளையில் தொங்கவிட்டேன். பத்துச் சொட்டு விழுந்து நின்றுவிட்டது. மூடியை இறுக மூடியிருந்ததால் உள்ளே காற்று போக வழியில்லை. மூடியைத் தளர்த்தினால் சொட்டுவதற்குப் பதில் ஒழுகியது, ஒரு மணி நேரத்தில் பாட்டில் காலி.

சரியான வழியை அம்மாவுக்கு டிரிப்ஸ் ஏற்றியபோது பார்த்த ஞாபகத்திலிருந்து எடுத்தேன். மருந்துக்கடையில் கிடைக்கிற டிரிப்ஸ் டியூபில் உருட்டி உருட்டிச் சொட்டின் வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு சக்கரம் இருக்கும். புதிதாக ஒன்று வாங்கினேன். ஆஸ்பத்திரியில் பயன்படுத்தியதை எடுக்கவே கூடாது. ஊசி தேவையில்லை. பாட்டிலின் மூடியில் துளையிட்டு டியூபின் கூர்முனையைச் செருகி, பாட்டிலைத் தலைகீழாகத் தொங்கவிட்டு, மேலே வந்த அடிப்பக்கத்தில் காற்று போக ஒரு சின்னத் துளை.

அந்த டியூபில் சுமார் இருபது சொட்டு ஒரு மில்லி. விநாடிக்கு ஒரு சொட்டு என்றால் நிமிடத்துக்கு மூன்று மில்லி, மணிக்கு 180. இரண்டு லிட்டர் பதினோரு மணி நேரம் வரும். காலை ஆறரைக்கு நிரப்பித் திறந்துவிட்டால் பொழுது சாயும்வரை ஓடுகிறது. பாட்டிலில் தண்ணீர் குறையக் குறையச் சொட்டின் வேகமும் குறையும். மதியம் ஒரு முறை சக்கரத்தைக் கொஞ்சம் தளர்த்திவிட்டால் போதும். பாட்டிலில் வெயில் பட்டால் ஒரே வாரத்தில் பாசி கட்டி டியூப் அடைத்துக்கொள்கிறது. அதனால் பாட்டிலுக்கு ஒரு பழைய துணியைச் சுற்றித் தைத்துவிட்டேன்.

சொட்டு ஓட ஆரம்பித்த நாலாம் நாள் கரிச்சான் வந்தது. இரட்டைவால் குருவி என்றும் சொல்வோமே, அதுதான். அது தட்டில் இறங்கவே இல்லை. கொய்யாவின் உச்சியிலிருந்து பூச்சியைப் பிடிக்க வருகிற மாதிரி ஒரே பாய்ச்சலாக வந்து, நெஞ்சால் தண்ணீரை மோதி, மேலே எழும்பிக் கிளையில் உட்கார்ந்தது. மறுபடி பாய்ச்சல். ஏழு முறை எண்ணினேன். ஒவ்வொரு முறையும் தட்டிலிருந்து தண்ணீர் விசிறி மாதிரி தெறித்தது. அம்மா கையைத் தட்டிச் சிரித்தாள். கரிச்சான் பறந்துவிடுமோ என்று நான் பயந்தேன். அது கண்டுகொள்ளவே இல்லை.

கழுவுவது

இதைச் செய்ய முடியாதென்றால் தண்ணீர் வைக்காமல் இருப்பதே நல்லது என்பேன். அசுத்தமான தண்ணீர் ஒரு பறவையின் நோயை இன்னொன்றுக்குக் கடத்தும். தினமும் காலை பழைய தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டுப் புதிது நிரப்புகிறேன். வாரம் இரண்டு முறை தேங்காய் நார் வைத்து, சோப்பு போடாமல், உள்பக்கத்தை அழுத்தித் தேய்க்கிறேன். கொசுவைப் பற்றிக் கேட்பவர்களுக்கும் இதுதான் பதில். கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். தினமும் தண்ணீரை மாற்றினால் அதற்கு நேரமே கிடைக்காது. ஆனால் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான சுவரில் முட்டையை ஒட்டி வைக்கும். தண்ணீரைக் கொட்டினாலும், தட்டைக் காயவைத்தாலும் அந்த முட்டைகள் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். அதனால்தான் தேய்ப்பதை விடக்கூடாது.

ஒரு நாள் தண்ணீரின் மேல் வெள்ளையாக, மெல்லிய ஆடை போல ஏதோ படர்ந்திருந்தது. பெயிண்ட் கரைந்துவிட்டதோ என்று பதறிப்போனேன். அதற்கு முன் குளித்துவிட்டுப் போனது புள்ளிப்புறா. புறாக்களுக்குச் சில இறகுகள் நுனியில் உதிர்ந்து பவுடர் போலத் தூளாகும்; அந்தத் தூள்தான் அவற்றின் இறகுகளைக் காக்கிறது. குளிக்கும்போது அதில் கொஞ்சம் தண்ணீரில் மிதக்கும். பூனை சம்பவத்துக்குப் பிறகு தட்டில் புறா இறங்கிய முதல் நாள் அதுதான். அந்தத் தண்ணீரை உடனே கொட்ட மனம் வரவில்லை, கொஞ்ச நேரம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

காகம் காய்ந்த ரொட்டித் துண்டு, எலும்பு என எதைக் கொண்டுவந்தாலும் தண்ணீரில் போட்டு ஊறவைத்துத் தின்னும். அதைத் தடுக்க நினைப்பது வீண். சுவரோரம் காகத்துக்கென்று ஒரு பெரிய சட்டி தனியாக வைத்தேன். முக்கால்வாசி நேரம் அங்கே போகிறது.

தானியம் போடுவதில்லை. போட்டுப் பார்த்தேன், மிச்சம் விழுந்து பூஞ்சை பிடித்தது, இரவில் எலி வந்தது, நிறுத்திவிட்டேன்.

கூட்டுவதை நிறுத்தியது

தண்ணீருக்கு வருகிறவை குடித்துவிட்டுப் போய்விடாமல் தோட்டத்திலேயே தங்க வேண்டும் என்ற ஆசை அடுத்து வந்தது. அதற்காகச் செய்ததெல்லாம், செய்துகொண்டிருந்த சில வேலைகளை விட்டதுதான்.

மரத்தடிச் சருகைக் கூட்டி எரிப்பதை விட்டேன். ஒரு மாதத்தில் சருகுக்கடியில் கரப்பான் குஞ்சு, பூரான், மண்புழு, சிலந்தி எல்லாம் சேர்ந்துவிட்டன. தவிட்டுக்குருவிகள் எட்டு ஒன்பதாக வந்து ஒவ்வொரு இலையாகப் புரட்டுகின்றன. ஒன்று மட்டும் மேலே உட்கார்ந்து காவல் காக்கும். மற்றவை வயிறு நிரம்பத் தின்றுவிட்டு வரிசையாகத் தட்டுக்கு வரும். குளித்தபின் ஒரே கிளையில் இடித்துக்கொண்டு உட்கார்ந்து, ஒன்றின் கழுத்தை இன்னொன்று கோதிவிடும். கோதப்படுகிறது கண்ணை மூடிக்கொண்டு கழுத்தை நீட்டிக் கொடுக்கும். எனக்கு இந்தத் தோட்டத்தில் மிகவும் பிடித்த காட்சி எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

பூச்சி மருந்து அடிப்பதையும் விட்டேன். பூவில் தேன் குடிக்கும் தேன்சிட்டுகூடத் தன் குஞ்சுக்குப் பூச்சியையும் சிலந்தியையும்தான் ஊட்டும். பூச்சி இல்லாத தோட்டத்தில் குஞ்சு வளராது.

ஒட்டடை அடிப்பதை விட்டதில்தான் அம்மாவுக்கும் எனக்கும் கொஞ்சம் வாக்குவாதம். "வீடுன்னா ஒட்டடை அடிக்காம எப்படி?" என்றாள். வெளிச்சுவரில், தாழ்வாரத்துக்கு அடியில் மட்டும் விட்டுவிடு என்று கேட்டுக்கொண்டேன். அடுத்த பதினைந்து நாளில் அவளே என்னைக் கூப்பிட்டாள். பெண் தேன்சிட்டு ஒன்று தாழ்வாரத்துக்கு அடியில் அந்தரத்தில் சிறகடித்து நின்றது. பத்து கிராம்கூடத் தேறாத உடம்பு. வளைந்த அலகின் நுனியால் சிலந்திவலையின் ஓர் இழையைப் பற்றி, தலையை வட்டமாகச் சுழற்றி, நூற்கண்டு சுற்றுவது போல அலகைச் சுற்றிச் சேர்த்தது. வெள்ளைப் பஞ்சு முடிச்சு மாதிரி அலகில் சேர்ந்ததும் பறந்தது. நாலு நிமிடம் கழித்து மறுபடி வந்தது. அது கட்டுகிற தொங்கும் கூட்டுக்கு நாரும் சருகும் ஒட்டி நிற்பது இந்த இழையால்தான். தையல்சிட்டும் இலைகளைச் சேர்த்துத் தைக்கச் சிலந்தி இழையையும் பஞ்சையும்தான் நூலாக எடுக்கும். அன்றிலிருந்து அம்மா அந்தப் பக்கம் விளக்குமாற்றைக் கொண்டுபோவதில்லை.

தேன்சிட்டுக்குத் தட்டு ஆகவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு நாள்கூட அது தட்டில் இறங்கிப் பார்த்ததில்லை. செடிகளுக்கு ஹோஸில் தண்ணீர் தெளித்த பிறகு கல்வாழை இலையில் தேங்கிய நீரில் அது நெஞ்சைத் தேய்த்து, இலையின் மேல் சறுக்கிக் குளிக்கிறது. அதனால் காலையில் அந்த இலைகளை மட்டும் நன்றாக நனைத்துவிடுகிறேன்.

கண்ணாடி

இனப்பெருக்கக் காலத்தில் ஆண் ஊதாத் தேன்சிட்டு ஜன்னல் கண்ணாடியில் தன் பிம்பத்தைப் பார்த்து, வேறு ஓர் ஆண் தன் எல்லைக்குள் வந்துவிட்டதென்று கொத்த ஆரம்பித்தது. காலை முதல் மாலை வரை. உள்பக்கம் திரை போட்டதும் பிம்பம் இன்னும் தெளிவாகிவிட்டது. வெளிப்பக்கம் துணி கட்டிய பிறகே விட்டது. பறந்து வந்து மோதுவது இதைவிட ஆபத்து. அதற்குக் கண்ணாடியின் வெளிப்பக்கத்தில் வெள்ளைப் புள்ளிகளை இரண்டிரண்டு அங்குல இடைவெளியில் முழுவதும் ஒட்டினேன். இடைவெளி கூடினால் அதன் வழியே போகலாம் என்று பறவை நினைத்துவிடும். தட்டு ஜன்னலுக்கு மூன்றடிக்குள் இருந்தால் பறவைக்கு வேகம் எடுக்க இடமிருக்காது, முப்பதடிக்கு மேல் தள்ளியிருந்தால் கண்ணாடியைத் தவிர்க்க இடமிருக்கும் என்பார்கள். என்னுடையது இருபதடியில் இருக்கிறது. அதனால் புள்ளிகளைத் தவிர்க்க முடியவில்லை.

உட்காருவது

பறவை பார்க்க எனக்கு வேண்டியிருந்தவை ஒரு நாற்காலி, ஒரு நோட்டு, அப்புறம் ஒரு பைனாகுலர். பைனாகுலரில் 8×42 என்று போட்டிருந்தால் எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன் கண்ணாடியின் விட்டம் 42 மில்லிமீட்டர் என்று அர்த்தம். தோட்டத்துக்கு எட்டு மடங்கே தாராளம். அதற்கு மேல் போனால் கை நடுக்கம்தான் பெரிதாகத் தெரியும். வாங்கும்போது நான் கவனித்தது ஒன்றுதான்: எவ்வளவு பக்கத்தில் இருப்பதைத் தெளிவாகக் காட்டும் என்பது. என்னுடையது ஆறடி தூரத்தில் இருக்கும் பொருளையும் காட்டும். இருபதடியில் இருக்கும் கொண்டைக்குருவி கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிடுகிறது.

அப்படிப் பார்த்த ஒரு குளியல். கிளையில் உட்கார்ந்தது, இறங்கியது, மூன்று வாய் குடித்தது. கூழாங்கல்லில் ஏறி நின்று, திடீரென்று நெஞ்சைத் தண்ணீரில் அமுக்கி, இரு சிறகாலும் அடித்தது. கொண்டை முழுவதும் நனைந்து முள் முள்ளாக நின்றது. கிளைக்குப் போய் உடம்பை உலுக்கியது. அப்புறம் தலையை முழுவதும் பின்னால் வளைத்து, முதுகுப் பக்கம் வால் தொடங்குகிற இடத்தில் எதையோ அலகால் தேய்த்தது. அங்கே ஓர் எண்ணெய்ச் சுரப்பி இருக்கிறது. அந்த எண்ணெயை அலகில் எடுத்துச் சிறகின் ஒவ்வோர் இறகையும் அடியிலிருந்து நுனி வரை உருவிவிட்டது. இடது சிறகு முடிந்து வலது சிறகு. மொத்தம் பதினோரு நிமிடம். முடிந்ததும் வாலடிச் சிவப்பு புதிதாகப் பூசியது போல இருந்தது.

தினமும் காலை ஏழிலிருந்து ஏழே கால் வரை, பதினைந்து நிமிடம் தவறாமல் உட்கார்ந்து குறிப்பு எடுக்கிறேன். முதல் ஐந்து நிமிடம் எதுவும் வராது. நான் வந்து உட்கார்ந்ததை அவை கவனித்து, ஆபத்தில்லை என்று முடிவு செய்ய அவ்வளவு நேரம் வேண்டும். அந்த ஐந்து நிமிடத்தில் எழுந்துவிடுகிறவர்கள்தான் தோட்டத்தில் பறவையே இல்லை என்கிறார்கள்.

நாலு மாதத்தில் நோட்டில் இருபத்து மூன்று வகை சேர்ந்திருக்கின்றன. ஆனால் எண்ணிக்கையைவிட நேரம்தான் எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. விடியும் முன் குண்டுகரிச்சான் பாடுகிறது, வெளிச்சம் வந்ததும் குடிக்க வருகிறது. ஏழரைக்குக் கொண்டைக்குருவி, பத்துமணி வாக்கில் தவிட்டுக்குருவிக் கூட்டம், உச்சியில் மைனாவும் காகமும், நாலு மணிக்குக் கரிச்சான், இருட்டும் முன் செம்போத்து தரையில் நடந்தே வந்து குழாயை அண்ணாந்து பார்க்கிறது. சில நாள் இந்த ஒழுங்கு சட்டென்று அறுந்துவிடும். தவிட்டுக்குருவிகள் ஒரே குரலில் கத்தும், அப்புறம் தோட்டம் முழுக்க மௌனம். அண்ணாந்து பார்த்தால் முருங்கை உச்சியில் வல்லூறு உட்கார்ந்திருக்கும். அது போன பிறகும் பத்து நிமிடம் ஒரு சத்தமும் இருக்காது.

நேற்றைய பதிவு இது. காலை ஏழு பத்து. கொண்டைக்குருவி ஜோடி, இரண்டு குஞ்சுகளோடு. எலுமிச்சைக்குள் அவை கூடு கட்டியிருந்தது தெரியும். அந்தப் பக்கம் போகாமல் இருந்தேன். குஞ்சுகளுக்கு வால் இன்னும் வளரவில்லை, வாலடிச் சிவப்பும் சரியாக ஏறவில்லை. தாயோ தந்தையோ, ஒன்று தட்டில் இறங்கிக் குளித்துக் காட்டியது. ஒரு குஞ்சு கிளையை விட்டு அசையவில்லை. இன்னொன்று தத்தித் தட்டின் விளிம்புக்கு வந்து, கூழாங்கல்லில் ஏறி, மேலே பார்த்தது. டியூபிலிருந்து ஒரு சொட்டு அதன் நெற்றியில் விழுந்தது. அது சிறகைப் படபடவென்று அடித்து, இரை கேட்பது போல வாயை ஆவென்று திறந்தது. அடுத்த சொட்டு நேரே வாய்க்குள் விழுந்தது.

அம்மா பக்கத்தில் இருந்தாள். "சக்கரத்தை இன்னும் கொஞ்சம் தளத்திவிடட்டுமாடா?" என்று என் காதோடு கேட்டாள். அவை போகட்டும் என்று கையைக் காட்டினேன். பன்னிரண்டு நிமிடம் இருந்தன.